பக்வீட் சாகுபடியில் மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளின் பங்கு

பக்வீட் (அறிவியல் பெயர்: ஃபாகோபைரம் எஸ்குலெண்டம்) என்பது மூன்று பக்கங்கள் கொண்ட சிறு விதைகளுக்காகப் பயிரிடப்படும் ஒரு பருவச் செடியாகும். இந்தியில் இது குட்டு எனவும், நேபாளத்தில் ஃபாப்பர் எனவும் அழைக்கப்படுகிறது. தமிழில் பாப்பரை என்று எழுதுவோரும் உண்டு. பெயரில் கோதுமையைக் குறிக்கும் 'வீட்' என்ற சொல் இருந்தாலும் இது கோதுமை இனத்தைச் சேர்ந்தது அன்று. புல் வகையும் அன்று. நம் சுக்கான் கீரை இடம்பெறும் பாலிகோனேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. தானியம் போலப் பயன்படுவதால் இதனைப் போலித்தானியம் என்பர். கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் இதில் இல்லை.

இப்பயிருக்கும் நெல், கோதுமை போன்ற தானியங்களுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, விதை உருவாகும் முறையில் இருக்கிறது. நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் தம் பூவின் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும். மக்காச்சோளத்துக்குக் காற்று போதும். பக்வீட்டுக்கு இவ்விரண்டும் போதா. ஒரு செடியின் மகரந்தம் வேறொரு செடியின் பூவைச் சென்றடைய வேண்டும். அச்செடியும் வேறு வகைப் பூவைக் கொண்டதாக இருக்க வேண்டும். இந்தப் பணியைப் பெருமளவில் செய்பவை பூச்சிகளே. எனவே நல்ல விதை, நல்ல மண், போதிய மழை எல்லாம் அமைந்தும் பூக்கும் காலத்தில் பூச்சிகள் வராவிட்டால், வயல் முழுதும் வெள்ளையாகப் பூத்து நிற்குமே தவிர விளைச்சல் குறைந்துவிடும்.

பயிரும் அதன் பரவலும்

பக்வீட்டின் தாயகம் சீனாவின் தென்மேற்குப் பகுதி. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓமி ஓனிஷி, பயிரிடப்படும் பக்வீட்டின் காட்டு மூதாதையை யுன்னான் பகுதியில் கண்டறிந்து விவரித்தார். அங்கிருந்து இப்பயிர் இமயமலைப் பகுதிகளுக்கும், கொரியா, ஜப்பான் நாடுகளுக்கும், பின்னர் ஐரோப்பாவுக்கும் பரவியது.

இன்று உலகில் மிகுதியாகப் பயிரிடும் நாடு ரஷ்யா. சீனா, உக்ரைன், கசகஸ்தான் ஆகியவையும் முக்கிய உற்பத்தி நாடுகள். ரஷ்யாவில் இதன் அரிசியை வேகவைத்துக் காஷா என உண்கின்றனர். ஜப்பானில் இதன் மாவிலிருந்து சோபா என்னும் நூடுல்ஸ் தயாராகிறது. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் கலெட் என்னும் தோசை போன்ற உணவும், பூட்டானின் பும்தாங் பகுதியில் புட்டா என்னும் நூடுல்ஸும் இதன் மாவில் செய்யப்படுகின்றன. இந்தியாவில் இமாசலப் பிரதேசம், உத்தரகண்ட், சிக்கிம், அருணாசலப் பிரதேசம் முதலிய மலை மாநிலங்களில் பயிராகிறது. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்தின்போது தானியங்களைத் தவிர்ப்போர் குட்டு மாவில் பூரி, பக்கோடா முதலியன செய்து உண்பர்.

விதைத்து ஏறத்தாழ 70 முதல் 90 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். குளிர்ந்த தட்பவெப்பத்தை விரும்பினாலும் உறைபனியைத் தாங்காது. இந்தக் குறுகிய வயதே பூச்சிகளின் தேவையை இன்னும் கூர்மையாக்குகிறது. சேர்க்கை நடக்கக் கிடைக்கும் காலம் சில வாரங்களே.

பூவின் அமைப்பு

பக்வீட் பூ மிகச் சிறியது. வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் ஐந்து இதழ்கள் இருக்கும். எட்டு மகரந்தத்தாள்கள் உண்டு. அவற்றின் அடியில் எட்டு மஞ்சள் நிறத் தேன்சுரப்பிகள் அமைந்துள்ளன. நடுவில் உள்ள சூலகத்திலிருந்து மூன்று சூல்தண்டுகள் பிரிந்து நிற்கின்றன. சூலகத்தில் ஒரே ஒரு சூல்தான் உண்டு. ஆகவே ஒரு பூ அதிக அளவாக ஒரு விதையைத்தான் தரும்.

பூ தட்டுப்போல் திறந்திருப்பதால் தேன் எளிதில் எட்டும் இடத்தில் உள்ளது. நீண்ட உறிஞ்சுகுழல் இல்லாத ஈக்களும் எறும்புகளும்கூட அதனைப் பருக முடியும். ஒவ்வொரு பூவும் பொதுவாக ஒரு நாள் மட்டுமே திறந்திருக்கும். காலையில் விரிந்து தேன் சுரக்கும்; பூச்சிகளின் வருகையும் முற்பகலில்தான் மிகுதி. அன்று சேர்க்கை நடக்காத பூ விதையின்றி வாடிவிடும்.

இரு வகைப் பூக்கள்

பக்வீட் வயலில் உள்ள செடிகளை உற்றுநோக்கினால் இரண்டு வகை இருப்பது தெரியும்.

முதல் வகைச் செடியின் பூக்களில் சூல்தண்டுகள் நீளமாகவும் மகரந்தத்தாள்கள் குட்டையாகவும் இருக்கும். இரண்டாம் வகையில் இது தலைகீழாக அமைந்து, சூல்தண்டுகள் குட்டையாகவும் மகரந்தத்தாள்கள் நீளமாகவும் இருக்கும். ஒரு செடியில் ஒரு வகைப் பூ மட்டுமே பூக்கும். இரண்டாம் வகைப் பூக்களின் மகரந்தத்தூள் முதல் வகையினதைவிட அளவில் பெரியது.

விதை பிடிக்க வேண்டுமானால் முதல் வகையின் மகரந்தம் இரண்டாம் வகைக்கோ, இரண்டாம் வகையின் மகரந்தம் முதல் வகைக்கோ செல்ல வேண்டும். ஒரே பூவுக்குள்ளும், ஒரே செடியின் இரு பூக்களுக்கிடையிலும், ஒரே வகையைச் சேர்ந்த இரு செடிகளுக்கிடையிலும் நடக்கும் சேர்க்கை பொதுவாகப் பயன் தருவதில்லை. சூல்முடியில் மகரந்தம் விழுந்தாலும் அதிலிருந்து வளரும் மகரந்தக்குழாய் சூலை அடையாமல் சூல்தண்டிலேயே நின்றுவிடுகிறது. இவ்வாறு தன் வகையைத் தானே விலக்கும் பண்பைத் தன்னொவ்வாமை என்பர்.

சார்லஸ் டார்வின் 1877இல் வெளியிட்ட, ஒரே இனத் தாவரங்களில் காணப்படும் வெவ்வேறு பூ வடிவங்கள் பற்றிய நூலில் பக்வீட்டையும் சேர்த்து ஆராய்ந்துள்ளார். ஒரே வகைப் பூக்களுக்கிடையிலான சேர்க்கையைவிட இரு வகைப் பூக்களுக்கிடையிலான சேர்க்கையே மிகுந்த விதை தருவதை அவர் எடுத்துக்காட்டினார்.

இரு வகைச் செடிகளும் வயலில் ஏறத்தாழச் சரிபாதியாக இருக்கின்றன. உழவர் இதற்கென எதுவும் செய்ய வேண்டியதில்லை. மரபியலே இதனைக் காக்கிறது. குட்டைச் சூல்தண்டைத் தரும் மரபணுக்கூறு ஓங்கு பண்புடையது. அதனை 'எஸ்' என்றும், அதன் ஒடுங்கு வடிவத்தைச் 'சிறிய எஸ்' என்றும் கொள்வோம். குட்டைச் சூல்தண்டுச் செடியில் இரண்டிலும் ஒவ்வொன்று இருக்கும். நெடுஞ்சூல்தண்டுச் செடியில் இரண்டுமே 'சிறிய எஸ்' ஆக இருக்கும். இவ்விரண்டும் கலந்தால் பிறக்கும் செடிகளில் பாதி குட்டை, பாதி நெடில். அடுத்த தலைமுறையிலும் இதே விகிதம் தொடரும். 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், குட்டைச் சூல்தண்டுச் செடிகளில் மட்டுமே காணப்படும் ஒரு மரபணுவை இந்தப் பகுதியில் இனங்கண்டு அறிவித்தனர்.

பூச்சி எவ்வாறு உதவுகிறது

ஒரு தேனீ குட்டைச் சூல்தண்டுப் பூவில் அமர்ந்து தேன் பருகும்போது, உயர்ந்து நிற்கும் மகரந்தப்பைகள் அதன் வயிற்றுப்பகுதியிலும் கால்களிலும் படுகின்றன. அடுத்து அது நெடுஞ்சூல்தண்டுப் பூவுக்குச் சென்றால், உயர்ந்து நிற்கும் சூல்முடி உடலின் அதே பகுதியில் உரசுகிறது. தாழ்ந்த மகரந்தப்பைகளிலிருந்து ஒட்டும் மகரந்தமோ தலை, வாய்ப்பகுதி ஆகியவற்றில் தங்கித் தாழ்ந்த சூல்முடியைச் சென்றடைகிறது. உயரத்துக்கு உயரம் பொருந்துமாறு அமைந்த ஏற்பாடு இது. பக்வீட் பூ திறந்த வடிவம் கொண்டதால் இந்தப் பிரிப்பு முழுமையாக நடப்பதில்லை. தவறான மகரந்தமும் சூல்முடியில் விழத்தான் செய்கிறது. எனினும் சரியான மகரந்தம் ஒன்று சூலை அடைந்தாலே ஒரு விதைக்குப் போதும்.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குச் செல்லும் பூச்சி, எதிர்வகைச் செடியை அடைவதற்கான வாய்ப்பு பாதிதான். ஒரே செடியின் பூக்களில் சுற்றிக்கொண்டிருந்தால் அவ்வருகைகளால் பயனில்லை. எனவே ஒரு பூவுக்கு ஒரு வருகை என்பது போதாது. பல பூச்சிகள் பல முறை, செடிக்குச் செடி மாறி மாறி வர வேண்டும்.

வந்து செல்லும் பூச்சிகள்

தேனீக்கள்: ரஷ்யா, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் பக்வீட் பூக்களுக்கு வருபவற்றில் வளர்ப்புத் தேனீயான மேற்கத்தியத் தேனீயே பெரும்பாலும் முதலிடம் பெறுகிறது. இமயமலைப் பகுதியிலும் கிழக்கு ஆசியாவிலும் ஆசியத் தேனீயும் (ஏபிஸ் செரானா) இப்பணியைச் செய்கிறது. தமிழ்நாட்டில் பெட்டிகளில் வளர்க்கப்படும் இந்தியத் தேனீயும் இதே இனத்தைச் சேர்ந்ததே.

காட்டுத் தேனீக்களும் குளவிகளும்: வம்புத் தேனீ எனப்படும் பெரிய தேனீக்கள், மண்ணில் வளை தோண்டித் தனித்து வாழும் சிறு தேனீக்கள், பல்வகைக் குளவிகள் ஆகியவை இதில் அடங்கும். கூட்டமாக வராவிட்டாலும், தேனீப் பெட்டிகள் இல்லாத ஊர்களில் இவற்றின் பங்கு பெரிது.

ஈக்கள்: பூக்களின் முன் அசையாது மிதந்து நிற்கும் சிர்பிட் ஈக்கள் பக்வீட் வயல்களில் மிகுதியாகக் காணப்படும். இவற்றில் பல இனங்களின் புழுக்கள் அசுவினியைத் தின்பவை. எனவே இவை மகரந்தத்தைச் சுமப்பதோடு பயிர்ப் பாதுகாப்புக்கும் உதவுகின்றன.

எறும்புகள்: எறும்புகள் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவதில்லை என்பது பொதுவான கருத்து. ஆனால் ஜப்பானின் நாகானோ மாகாணத்தில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, பக்வீட்டைப் பொறுத்தவரை எறும்புகளும் குறிப்பிடத்தக்க அளவில் விதை பிடிக்க உதவுவதைக் காட்டியது. தேன் எளிதில் எட்டும் பூவமைப்பே இதற்கு வாய்ப்பளிக்கிறது.

வண்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்து செல்வதுண்டு. ஒவ்வொரு பூச்சிக்கும் விருப்பமான நேரமும் வெப்பநிலையும் வேறு. மேகமூட்டமான நாளில் தேனீ பெட்டியிலேயே தங்கிவிட்டாலும் ஈக்கள் வேலை செய்யக்கூடும். ஆகவே ஒரே இனத்தை நம்பியிருக்கும் வயலைவிட, பல இனங்கள் வரும் வயலுக்கு இடர் குறைவு.

பூச்சிகளின் பங்கை அளவிடும் முறை

ஆய்வாளர்கள் கையாளும் முறை எளியது. பள்ளி மாணவர்களும் பிற செடிகளில் செய்து பார்க்கலாம். பூக்கும் முன்பே சில கொத்துகளை மெல்லிய வலையால் மூடிவிட வேண்டும். சில கொத்துகளைத் திறந்தபடி விட வேண்டும். இன்னும் சிலவற்றுக்கு எதிர்வகைப் பூவின் மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும். பின்னர் மூன்றிலும் பூக்களையும் விதைகளையும் எண்ணி ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 200 பூக்களில் 30 விதைகள் உருவாகியிருந்தால் விதைபிடிப்பு 15 விழுக்காடு.

வலையிட்ட கொத்துகளில் விதை மிகக் குறைவாகவே காணப்படும். திறந்த கொத்துக்கும் கையால் தடவிய கொத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால், அந்த வயலுக்கு வரும் பூச்சிகள் போதவில்லை என்று பொருள். வலையின் கண் அளவை மாற்றி, பெரிய பூச்சிகளை மட்டும் தடுத்து, எறும்பு போன்ற சிறியவற்றின் பங்கைத் தனியே அறியவும் முடியும்.

பூச்சிகள் மட்டும் போதுமா?

போதா. ஒரு பக்வீட் செடி நூற்றுக்கணக்கில் பூக்கும். நல்ல வயலிலும் அவற்றில் சிறு பகுதியே முற்றிய விதையாகிறது. எல்லாப் பூக்களுக்கும் சேர்க்கை நடந்தாலும், அத்தனை விதைகளையும் வளர்க்கும் அளவுக்கு உணவு தயாரிக்கச் செடியால் இயலாது. தொடங்கிய விதைகள் பல பாதியில் நின்றுவிடும்.

வெப்பமும் முக்கியமானது. பூக்கும் காலத்தில் 30 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமும் வறண்ட காற்றும் சேர்ந்தால் பூக்கள் கருகி விதைபிடிப்பு குறையும். அதனால்தான் பல இடங்களில் பூக்கும் காலம் குளிர்ந்த நாட்களில் அமையுமாறு கோடையின் பிற்பகுதியில் விதைக்கின்றனர். தழைச்சத்து மிகுந்தால் செடி இலையாக வளர்ந்து சாய்ந்துவிடும்.

பூத்தல் ஒரே சமயத்தில் முடியாமல் பல வாரங்கள் நீடிக்கும். இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஒரு நாள் மழையால் பூச்சிகள் வராவிட்டால் அன்றைய பூக்கள் மட்டுமே வீணாகும். மறுநாள் புதிய பூக்கள் விரியும். ஆனால் முதலில் முற்றிய விதைகள் உதிரத் தொடங்கும்போது கடைசிப் பூக்கள் இன்னும் பூத்துக்கொண்டிருக்கும். எனவே முக்கால் பங்கு விதைகள் பழுப்பு நிறம் அடைந்ததும் அறுவடை செய்கின்றனர். கடைசியில் பூத்தவை விளைச்சலில் சேருவதில்லை. ஆகவே பூக்கும் காலத்தின் முதல் வாரங்களில் பூச்சிகள் வருவதே விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

வயலைச் சுற்றியுள்ள நிலம்

பக்வீட் சில வாரங்களே பூக்கிறது. ஆண்டின் மற்ற நாட்களில் பூச்சிகள் வாழ வேறு உணவும் உறைவிடமும் தேவை. ஜப்பானின் இபராக்கி மாகாணத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, வயலைச் சுற்றியுள்ள காடும் புல்வெளியும் பூச்சிகளின் வருகையோடும் விதைபிடிப்போடும் தொடர்புடையவை எனக் காட்டியது. தொலைவு பறக்கும் தேனீக்களுக்குப் பல கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள காடு பயன்படுகிறது. சிறு பூச்சிகளுக்கோ வயலை ஒட்டியுள்ள நிலமே முக்கியம்.

ஜப்பானில் நெல் வயல்கள் பலவற்றைப் பக்வீட் வயல்களாக மாற்றியுள்ளனர். பரந்த சமவெளியின் நடுவில் அமைந்த இத்தகைய வயல்களுக்கு அருகில் மரங்களோ புதர்களோ குறைவு. இங்கு வரப்புகளே பூச்சிகளின் புகலிடம். பூக்கும் காலத்தில் வரப்புப் புல்லை முற்றிலும் வெட்டிவிடாமல் ஒரு பகுதியை விட்டுவைப்பது செலவில்லாத உதவியாகும்.

உழவர் செய்யக்கூடியவை

1. பூக்கத் தொடங்கும் நாட்களில் தேனீப் பெட்டிகளை வயலருகே வைத்தல். எக்டேருக்கு 2 முதல் 3 பெட்டிகள் என்பது பொதுவான பரிந்துரை. பெரிய வயலாயின் ஒரே இடத்தில் குவிக்காமல் பிரித்து வைப்பது நல்லது.

2. பூக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்காதிருத்தல். பக்வீட்டுக்குப் பூச்சித் தொல்லை பொதுவாகக் குறைவு. பக்கத்து வயலின் மருந்து காற்றில் வந்து படிவதே பெரும்பாலும் சிக்கலாகிறது. தெளித்தே ஆகவேண்டிய அண்டை வயலுக்குக் காலையைத் தவிர்த்து மாலையில் தெளிக்குமாறு பேசி முடிவு செய்யலாம்.

3. வரப்பிலும் ஓரங்களிலும் வெவ்வேறு காலங்களில் பூக்கும் செடிகளை விட்டுவைத்தல்.

4. மண்ணில் வாழும் தேனீக்களுக்காக உழாத சிறு நிலப்பகுதியை ஒதுக்குதல்.

பூச்சிகளுக்குக் கிடைக்கும் பயன்

இவ்வுறவில் பூச்சிகளும் பெறுகின்றன. பிற பூக்கள் குறையும் கோடையின் பிற்பகுதியில் பக்வீட் தேனும் மகரந்தமும் தருகிறது. இதன் தேன் கருமை கலந்த பழுப்பு நிறமும் வெல்லப்பாகை நினைவூட்டும் கடுஞ்சுவையும் உடையது. அமெரிக்காவில் 105 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், சளி இருமலால் இரவில் உறங்க இயலாத குழந்தைகளுக்குச் சிகிச்சை ஏதும் இல்லாததைவிட இத்தேன் நல்ல பலன் தந்தது. எனினும் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது.

தேன் சுரப்பு நண்பகலுக்குப் பின் குறைவதால், பிற்பகலில் தேனீக்கள் சினத்துடன் இருக்கும் எனத் தேனீ வளர்ப்போர் கூறுவர். பெட்டிகளைத் திறப்பதாயின் முற்பகலே ஏற்றது.

நியூசிலாந்தின் வைபாரா பகுதித் திராட்சைத் தோட்டங்களில், இலைசுருட்டுப் புழுக்களை ஒட்டுண்ணியாகத் தாக்கும் சிறு குளவிகளுக்குத் தேன் கிடைக்கும் பொருட்டு வரிசைகளுக்கிடையே பக்வீட் விதைக்கப்பட்டது. அங்கு விதைக்காக அன்றிப் பூவுக்காகவே இச்செடி பயன்பட்டது.

தானே விதை பிடிக்கும் வகைகள்

பக்வீட்டின் நெருங்கிய உறவான தார்த்தாரி பக்வீட்டில் (ஃபாகோபைரம் தார்த்தாரிக்கம்) ஒரே வகைப் பூ மட்டுமே உண்டு. அது தன்மகரந்தத்தால் விதை பிடிக்கும். பூச்சிகள் குறைந்த உயர்ந்த மலைகளிலும் அது விளையும். விதை கசப்புச் சுவை கொண்டது. நேபாளத்தில் சாதாரண பக்வீட்டை இனிப்பு ஃபாப்பர் என்றும், இதனைக் கசப்பு ஃபாப்பர் என்றும் பொருள்படும் பெயர்களால் வேறுபடுத்துகின்றனர்.

இந்தப் பண்பைச் சாதாரண பக்வீட்டுக்குக் கொண்டுவர, தன்மகரந்தத்தால் விதை பிடிக்கும் ஃபாகோபைரம் ஹோமோட்ரோபிக்கம் என்ற காட்டு இனத்துடன் 1990களில் கலப்பு செய்யப்பட்டது. அதிலிருந்து தானே விதை பிடிக்கும் செடிகள் கிடைத்தன. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தன்மகரந்தச் சேர்க்கையே நடந்தால், மறைந்திருந்த குறைபாடுகள் வெளிப்பட்டுச் செடியின் வீரியம் குறையும். அயல்மகரந்தச் சேர்க்கைக்குப் பழகிய பயிரில் இச்சிக்கல் கூடுதல். உலகெங்கும் பரவலாகப் பயிரிடப்படும் சாதாரண பக்வீட் வகைகள் பெரும்பாலும் இன்றும் இரு வகைப் பூக்கள் கொண்டவையே. அவற்றின் விளைச்சல் பூச்சிகளையே சார்ந்துள்ளது.